"நாங்கள் வளர்க்கவில்லையா?"

ஞாயிற்றுக்கிழமை. காலை மணி ஏழு.

இந்நேரம் இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கும். வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி இதைப் புரட்டுவார். இன்றைக்கு அவருக்கு அலுவலகம் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்ணுக்கு?

அவளுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். குழந்தையின் பசி காலண்டரைப் பார்த்து வருவதில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். எனக்கு வயது 70. நான்கு பிள்ளைகளைப் பெற்றேன். நால்வரையும் ஆளாக்கினேன். ஆகையால், பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச எனக்கு எல்லா உரிமையும் உண்டு என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பில் ஒரு தவறு செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

என் கடைசி மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். மூன்றாவது மாடியில் வாடகை வீடு. மூத்தது பெண், வயது நான்கு. இளையவன் பத்து மாதக் குழந்தை. மருமகளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டாள்.

ஊரிலிருந்து போய் ஒரு வாரம் தங்கியிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம். மணி ஆறரை இருக்கும். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இடுப்பில் இருந்த பையன் வீறிட்டு அழுதான். கூடத்தில் பேத்தி தட்டைக் கவிழ்த்துவிட்டாள். தரையெல்லாம் சோறு.

மருமகள் அடுப்பை அணைத்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்துபோய்ப் பிள்ளையை வாங்கியிருக்க வேண்டும்.

நான் செய்யவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்:

"ஏம்மா, ரெண்டு பிள்ளைக்கே இப்படியா? நாங்க எல்லாம் வளர்க்கலையா?"

அவள் கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அத்தை, உங்களுக்குப் பிள்ளை பிறந்தப்போ வீட்டிலே எத்தனை பேர் இருந்தாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்று இரவு படுக்கையில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

எட்டுப் பேர்!

எண்ணிப் பார்த்த கைகள்

எங்கள் ஊர் முசிறிப் பக்கம், காவிரிக் கரை. 1976-ல் எனக்கு முதல் பிள்ளை பிறந்தது. அப்போது அந்த வீட்டில் மாமனார், மாமியார், மாமனாரின் அக்காள், மூத்தார், ஓர்ப்படி, கலியாணம் ஆகாத இரண்டு நாத்தனார்கள், ஒரு கொழுந்தன் இருந்தார்கள்.

இந்தக் கணக்கில் என் கணவரை நான் சேர்க்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

மாமனாரின் அக்காளை ஊரே 'பெரியாயி' என்று கூப்பிடும். விடிந்ததும் அவர் காலை நீட்டி உட்காருவார். பிள்ளையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றுவார். குளித்த பிள்ளை இரண்டு மணி நேரம் தூங்கும். அந்த இரண்டு மணி நேரம் எனக்கும் தூக்கம்.

சோறு வடிப்பது மாமியார். குழம்பு ஓர்ப்படி. பிள்ளை சிணுங்கினால் சின்ன நாத்தனார் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவாள். தெருவில் நாலு வீடு ஏறி இறங்கிப் பிள்ளை திரும்பி வரும்போது, யாராவது அதற்கு ஒரு வாய் சோறு ஊட்டியிருப்பார்கள்.

மாலையில் கயிற்றுக் கட்டிலில் மாமனார் படுத்திருப்பார். அவர் மார்பில் பிள்ளை கிடக்கும். மாட்டைக் காட்டி, காக்கையைக் காட்டிப் பொழுதைப் போக்கிவிடுவார்.

என் பங்கு என்ன? பால் கொடுப்பது. துணி அலசுவது. இரவில் பக்கத்தில் படுப்பது.

'நான் வளர்த்தேன்' என்று 40 வருஷங்களாகப் பெருமை பேசினேனே, அந்தப் பிள்ளையை ஒன்பது பேர் வளர்த்தோம்! என்னோடு சேர்த்து ஒன்பது பேர்!

பழைய காலம் பொற்காலமா?

அதற்காகப் பழைய வீடு சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை.

அந்த வீட்டில் மருமகளுக்கு வாய் கிடையாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு. 'மார் கனக்கிறது, பிள்ளையைக் கொடுங்கள்' என்று கேட்கக்கூட வெட்கம். எந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்கூட எனக்குப் பங்கு இருந்ததில்லை.

அதைவிடப் பெரிய துயரம் ஒன்று உண்டு. 1971-ல் நம் நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. இது அரசாங்கக் கணக்கு. எங்கள் தெருவிலேயே அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். 'ஆண்டவன் கொடுத்தான், ஆண்டவன் எடுத்தான்' என்று சொல்லி ஆற்றிக்கொள்வோம். வேறு என்ன தெரியும் எங்களுக்கு?

2023-ம் ஆண்டுக் கணக்கில் அந்த 129 என்பது 25 ஆகக் குறைந்திருக்கிறது. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் செய்த வேலை இது. இளம்பிள்ளைவாதம் என்ற பெயரைக் கேட்டாலே நாங்கள் நடுங்குவோம். 2014-ல் இந்தியா அந்த நோய் இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

இதில் இன்றைய தாய்மாருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று நாள் தவறாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு வருகிறவர்கள் அவர்கள்தானே? அன்றிரவு காய்ச்சலில் பிள்ளை அனத்தும். விடிய விடிய மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவளும் அவள்தான்.

நாங்கள் பிறந்த பிள்ளைக்குச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தோம். மூக்கில் எண்ணெய் விட்டோம். குழந்தையின் நாசியில் வாயால் ஊதினோம். இவையெல்லாம் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள். இதை என் மருமகள் எனக்குச் சொன்னபோது முதலில் எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.

ஆகவே, இந்தக் காலத்துப் பெண்ணுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அவளுக்குத் தெரியும். எங்களைவிட நன்றாகவே தெரியும். அவளுக்கு இல்லாதது கை. கூட இரண்டு கை!

ஒரு நாள் முழுவதும் பார்த்தேன்

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு, மறுநாள் காலையிலிருந்து அவளைக் கவனித்தேன்.

ஐந்து மணிக்குப் பையன் விழித்தான். இரவு மூன்று தடவை எழுந்தவன்தான். அவனை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் மாவைக் கரைத்தாள்.

எட்டேகாலுக்குப் பள்ளி வண்டி வரும். அதற்குள் நான்கு வயதுப் பெண்ணை எழுப்பிப் பல் தேய்த்து, குளிக்க வைத்து, இரட்டைச் சடை போட்டு, அரை இட்லியாவது உள்ளே தள்ள வேண்டும். நான்கு வயதுக்கு அவசரம் தெரியுமா? 'இந்த ரிப்பன் வேண்டாம், அந்த ரிப்பன் வேண்டும்' என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ரிப்பனுக்குப் பத்து நிமிஷம்!

எட்டு மணிக்கு மகன் கிளம்பிவிட்டான். இரவு எட்டரைக்குத்தான் திரும்புவான்.

பன்னிரண்டரை மணி நேரம். அந்த வீட்டில் அவளோடு நாலு வார்த்தை பேசப் பெரிய மனுஷர் யாரும் இல்லை. நான் இல்லாத நாளில் அதுதான் நிலை.

பத்து மாதப் பையன் என்றால் சும்மாவா? தவழ்கிறான். எட்டிப் பிடித்து நிற்கிறான். கீழே எது கிடந்தாலும் வாயில் போடுகிறான். ஒரு வேர்க்கடலை போதுமே, மூச்சை அடைக்க! தாயின் கண் அவன்மேலேயே இருக்க வேண்டும்.

குளியலறைக் கதவை முழுவதும் சாத்திக் குளித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. கதவைத் திறந்து வைத்து, வாசலில் பையனை உட்கார வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி வருகிறாள்.

அவள் காலைக் காப்பி பதினொரு மணிக்கு ஆறிக் கிடந்தது. மத்தியானச் சோறு மூன்று மணிக்கு. அதுவும் நின்றபடி.

பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து பையனுக்கு ஊட்டினாள். நாலு வாய் வாங்கினான். ஐந்தாவது வாயைத் துப்பினான். துடைத்தாள். ஆறாவது வாயையும் துப்பினான். மறுபடி துடைத்தாள். ஒரு கிண்ணம் சோற்றுக்கு முக்கால் மணி நேரம்.

இரவு என் மகன் வந்ததும் கேட்டான்: "இன்னிக்கு என்ன செஞ்சே?"

நல்ல எண்ணத்தோடுதான் கேட்டான். ஆனாலும் அவள் என்ன பதில் சொல்வாள்? துடைத்ததையும், தூக்கியதையும், ஊட்டியதையும் ஒரு வேலை என்று எப்படிக் கணக்குக் காட்டுவாள்? சுவர் கட்டினால் இத்தனை அடி என்று காட்டலாம். இந்த வேலை முடிந்த உடனே அழிந்துவிடுகிறது. மறுநாள் முதலிலிருந்து தொடங்குகிறது.

செல்போனைத் திட்டுகிறோம்

'இந்தக் காலத்துத் தாய்மார் செல்போனைக் காட்டித்தான் சோறு ஊட்டுகிறார்கள்' என்று எல்லோரும் குறை சொல்கிறோம். நானும் சொன்னேன்.

குறை நியாயமானதுதான். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை காட்டவே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

ஆனால், ஒரு கேள்வி. எங்கள் காலத்தில் அந்தச் செல்போனின் இடத்தில் இருந்தது யார்?

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மாமனார்! தெருவுக்குத் தூக்கிப்போன நாத்தனார்! காக்கை, மாடு, நிலா! ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒரு கதை சொன்ன பெரியாயி!

பெரியாயியை எடுத்துவிட்டோம். தெருவை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் ஒரு செல்போன் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பிடுங்க வேண்டுமானால், வெறும் வார்த்தை போதாது. எழுந்து போய் அந்த இடத்தில் நாம் உட்கார வேண்டும்.

பத்துப் பருவம்

கஷ்டத்தையே சொல்லிக்கொண்டு போகிறேனே, சந்தோஷமே இல்லையா என்று கேட்பீர்கள்.

இல்லாமலா? அது இருப்பதால்தானே உலகம் நடக்கிறது!

தமிழ்ப் புலவர்கள் குழந்தைப் பருவத்தை எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைத்தமிழ் என்று ஒரு நூல் வகையே உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஒவ்வொரு பருவமாகப் பாடுவார்கள். பிறகு, ஆண் பிள்ளையானால் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளையானால் அம்மானை, நீராடல், ஊசல். ஆகப் பத்துப் பருவம்.

தலையைத் தூக்கி ஆட்டுவது செங்கீரை. இரண்டு கையையும் தட்டுவது சப்பாணி. தளர்நடையில் வந்து மடியில் விழுவது வருகை. நிலாவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி.

பத்து மாதப் பையன் ஒருநாள் மத்தியானம் சமையலறைத் தரையில் உட்கார்ந்தான். கரண்டியால் ஒரு தட்டை ஓங்கி அடித்தான். 'டங்' என்றது. திடுக்கிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தான். அவள் சிரித்தாள். உடனே கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினான். சப்பாணி! முதல் தடவை! அவள் வேலையைப் போட்டுவிட்டு அவனை வாரி எடுத்துக்கொண்டாள். அந்த முகத்தில் இருந்த பிரகாசத்தை என்னென்று சொல்வேன்!

பேத்தி ஒருநாள் மொட்டை மாடியில் நிலாவைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பாயி, நிலா லிஃப்டிலே இறங்கி நம்ம வீட்டுக்கு வருமா?"

இந்தச் சந்தோஷங்களுக்கு விலை உண்டா?

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைத்தமிழில் குழந்தைக்குப் பத்துப் பருவம் சொன்ன புலவர்கள், தாய்க்கு என்று ஒரு பருவமும் வகுக்கவில்லை. தாய் பக்கத்தில் நின்று தாலாட்டுவாள், கை தட்டச் சொல்வாள், வா என்பாள். அவள் தூங்கினாளா, சாப்பிட்டாளா என்ற பேச்சே இல்லை.

நாமும் அப்படித்தான் இருக்கிறோம். பிள்ளை கை தட்டுவதைப் பார்த்துத் தாய் மகிழ வேண்டுமானால், அவள் கண் விழித்திருக்க வேண்டும். கண் விழித்திருக்க வேண்டுமானால், முதல் நாள் இரவு அவள் தூங்கியிருக்க வேண்டும். களைத்துப்போன கண்ணுக்குச் சப்பாணியும் தெரியாது, அம்புலியும் தெரியாது. பிள்ளையால் வரும் இன்பத்தைத் தாய்க்குக் கிடைக்கவிடாமல் செய்வது பிள்ளையின் குறும்பு அல்ல. அவளுடைய களைப்பு!

என் கணவர் இழந்தது

எட்டுப் பேர் கணக்கில் என் கணவரைச் சேர்க்கவில்லை என்றேன். காரணம் இதுதான்.

அந்தக் காலத்தில் பெரியவர்கள் எதிரில் தகப்பன் தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. அது அவமரியாதை என்று ஒரு வழக்கம். என் கணவர் நல்லவர். ஆனால், வழக்கத்தை மீறத் துணியாதவர்.

ஒருநாள் இரவு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனேன். அங்கே இருட்டில், மூத்த பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் திருடன்போலத் திடுக்கிட்டார். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

தன் பிள்ளையைத் திருட்டுத்தனமாகக் கொஞ்ச வேண்டியிருந்தது அந்த மனுஷருக்கு! அவர் காலமாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம பிள்ளைங்க இந்த வயசிலே எப்படி இருந்ததுங்கன்னே எனக்குத் தெரியாம போச்சு."

இன்றைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தகப்பன்மார் தெருவிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கிறது. ஆனால், கொஞ்சுவது வேறு, வளர்ப்பது வேறு. சிரிக்கிற பிள்ளையை வாங்கிக்கொண்டு, அழுகிற பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிற தகப்பன்மார் எத்தனை பேர்?

மத்திய அரசு 2024-ல் ஒரு கணக்கெடுத்தது. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்களில் வீட்டு வேலை செய்கிறவர்களோ 88 நிமிஷம்தான் செலவிடுகிறார்கள். அதாவது, அவளுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அவனுக்கு ஒன்றரை மணி நேரம். செய்கிற ஆண்களின் கணக்கே இது. கையே வைக்காதவர்கள் இதில் சேரவில்லை!

'நான் அவளுக்கு ஒத்தாசை செய்கிறேன்' என்று சில பிள்ளைகள் சொல்கிறார்கள். ஒத்தாசை என்பது அடுத்தவர் வேலைக்குச் செய்வது. சொந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது அடுத்தவர் வேலையா?

சட்டம் செய்தது, செய்யாதது

பெண்களுக்குச் சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பேறுகாலச் சலுகைச் சட்டம் 1961-ல் வந்தது. அப்போது 12 வாரம் சம்பளத்தோடு விடுமுறை. 2017-ல் அதை, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் அப்போதே விதித்தார்கள். தமிழ்நாடு அரசில் வேலை செய்கிற பெண்களுக்கு 2021 முதல் ஓர் ஆண்டு விடுமுறை.

நல்ல காரியம். ஆனால், 26 வாரம் என்றால் ஆறு மாதம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைக்குப் பாலோடு மற்ற ஆகாரம் தொடங்குகிற நேரத்தில், பிள்ளை தவழத் தொடங்குகிற நேரத்தில், விடுமுறை முடிந்துவிடுகிறது. அப்போது பிள்ளையை யாரிடம் விடுவது? என் மருமகள் வேலையை விட்டது அங்கேதான். அவளுடைய தாயார் உடல்நலம் இல்லாதவர், வர முடியவில்லை. நான் ஊரில் வீட்டையும் மாட்டையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தகப்பனுக்கு? மத்திய அரசு ஊழியரானால் 15 நாள் விடுமுறை உண்டு. பிள்ளை வளர 15 நாள் போதுமா?

சட்டம் விடுமுறை கொடுக்கும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ளச் சட்டம் வராது. அதற்கு வீட்டில் உள்ளவர்கள்தான் வர வேண்டும்.

அழுகை எல்லாம் ஒன்றல்ல

இன்னொரு முக்கியமான விஷயம்.

பிரசவம் ஆன சில நாட்களில் காரணம் இல்லாமல் அழுகை வருவது பல பெண்களுக்கு உண்டு. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் அசட்டையாக இருக்கக் கூடாது. பிள்ளை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வராது. பிள்ளையைத் தொடவே மனம் வராது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் ஓயாது. 'செத்துப்போகலாம்' என்றுகூடத் தோன்றும்.

எங்கள் காலத்தில் இதற்குக் 'காற்றுச் சேஷ்டை' என்று பெயர் வைத்து வேப்பிலை அடித்தோம். இது பேய் அல்ல, திமிரும் அல்ல, நோய். மருந்து உண்டு. குணமாகும். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசு 2022-ல் 'டெலி மானஸ்' என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியிருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது.

இப்படிப்பட்ட பெண்ணிடம் போய், 'நாங்கள் வளர்க்கவில்லையா?' என்று கேட்டால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்!

என்ன செய்யலாம்?

பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். சின்னக் காரியங்கள் போதும்.

மாமியார்மாரே, தாய்மாரே! பிள்ளை பார்க்கப் போனால் புத்திமதியை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள். உள்ளே போனதும் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். அவளைக் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கச் சொல்லுங்கள். சூடாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரே! 'குழந்தை ஏன் இப்படி அழுகிறது?' என்று கேட்க வேண்டாம். கதவைத் தட்டி, 'கடைக்குப் போகிறேன், ஏதாவது வாங்கி வர வேண்டுமா?' என்று கேளுங்கள்.

தகப்பன்மாரே! இரவில் ஒரு பாதி உங்களுடையது. தாய்ப்பால் நீங்கள் கொடுக்க முடியாது. ஆனால், பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் இரண்டு பிள்ளைகளையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். இந்தப் பத்திரிகை காத்திருக்கும்!

இளம் தாய்மாரே! உங்களுக்கும் ஒன்று. கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். 'என்னால் முடியவில்லை, கொஞ்சம் பிடியுங்கள்' என்று சொல்வது தோல்வி அல்ல. எங்களுக்குக் கேட்காமலே எட்டுப் பேர் வந்தார்கள். உங்களுக்கு ஒருவராவது வர வேண்டாமா?

நான்கு வார்த்தை

அந்த வாரத்தின் கடைசி நாள். காலை பத்து மணி. மருமகள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திரம் துலக்கப் போனாள்.

நான் எழுந்தேன். மூட்டு வலிக்கத்தான் செய்தது. கையை நீட்டினேன்.

"பிள்ளையை இப்படிக் கொடு, கண்ணு. நீ போய்ப் படு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு பையனைக் கொடுத்தாள். உள்ளே போய்ப் படுத்தாள். மத்தியானம் ஒரு மணி வரை எழுந்திருக்கவில்லை.

காலை நீட்டி உட்கார்ந்து, பெரியாயி செய்ததுபோலப் பையனைக் காலில் கிடத்தி வெந்நீர் ஊற்றினேன். மூக்கில் மட்டும் ஊதவில்லை!

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பேத்தி, தாய் தூங்குவதை எட்டிப் பார்த்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் உள்ளே போனாள். தன் சின்னத் துண்டை எடுத்து அம்மாவின் காலில் போர்த்திவிட்டு வந்தாள். வந்து என் காதில் சொன்னாள்:

"உஷ்! அம்மா பாப்பா தூங்குது!"

அடுத்த மாதம் மாட்டை விற்றுவிட்டேன். இப்போது வருஷத்தில் பாதி நாள் சென்னையில்தான் இருக்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நாங்கள் வளர்க்கவில்லையா?' என்ற அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுவோம். அதற்குப் பதிலாக நான்கே வார்த்தை சொல்வோம்.

"பிள்ளையை இப்படிக் கொடு, கண்ணு."